தமிழவேள் கோ. சாரங்கபாணி: பிள்ளைகளுக்குப் பக்கம் ஒதுக்கியவர்

இந்தப் பொன்விழா மலருக்காக, மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழு எங்கள் இளையர் பிரிவைக் கேட்டுக்கொண்டது. நம் சமுதாயத்துப் பெருமக்களில் ஒருவரை எழுதுவோம் என்று மூத்தவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்டது கோ. சாரங்கபாணியை. அவர் முஸ்லிம் அல்லர். சடங்கு சம்பிரதாயங்களைக் கேள்வி கேட்ட சீர்திருத்தக்காரர். ஆனாலும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு நம் சங்கத்தில் எழும்போதெல்லாம் எங்கள் நினைவுக்கு வருகிறவர் அவர்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

1903ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி திருவாரூரில் பிறந்தார். 1924இல், இருபத்தொரு வயதில், கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தார். நம் பாட்டனார்களில் பலர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அவர்கள் தஞ்சோங் பகாரிலும் துறைமுகத்தைச் சுற்றியும் பிழைப்புத் தேடினார்கள். இவர் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார். இதை நாங்கள் சும்மா குறிப்பிடவில்லை. பின்னாளில் பத்திரிகை, விழா, நிதி என்று அவர் எதைத் தொடங்கினாலும் ஒரு கேள்விக்கு அதில் விடை இருக்கும்: சாமானியன் ஒருவன் இதில் சேர வேண்டுமானால் அவன் கையிலிருந்து எவ்வளவு போகும்? கணக்குப் புத்தகத்தோடு பழகியவருக்குத்தான் அந்தக் கேள்வி தானாக வரும். வியாபாரம் செய்கிற எங்களுக்கு இது நன்றாகவே புரிகிறது.

கணக்கெழுதியவர் சீக்கிரமே எழுத்துக்கு வந்துவிட்டார். 1929இல் 'முன்னேற்றம்' என்ற வார இதழில் பணியாற்றத் தொடங்கி அதன் ஆசிரியரானார். அதே ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். அந்தப் பயணம் கிளப்பிவிட்ட உணர்ச்சியில் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. சாதி வேற்றுமையும் கள்ளுக்கடையும் தமிழர்களைச் சீரழிக்கின்றன என்று அந்தச் சங்கத்தார் பிரசாரம் செய்தார்கள். சாரங்கபாணி அதன் முன்னணியில் நின்றார்.

அந்தச் சங்கத்தின் ஏடாக 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி 'தமிழ் முரசு' வார இதழ் வெளிவந்தது. விலை ஒரு காசு. சிங்கப்பூருக்குத் தமிழ்ப் பத்திரிகை புதிதல்ல. 1887லேயே மகதூம் சாயபு 'சிங்கை நேசன்' நடத்தியிருக்கிறார். அந்தப் பெருமை நம்முடையது, நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நாள் கூலியைக் காசுக் கணக்கில் வாங்கிய தொழிலாளியும் தன் காசில் வாங்கிப் படிக்கட்டும் என்று விலை வைத்ததில் முரசின் புத்திசாலித்தனம் இருந்தது. பத்திரிகை விரைவில் சாரங்கபாணியின் பொறுப்புக்கு வந்தது. 1937 டிசம்பரில் நாளிதழானது.

அதே 1937இல் அவருக்குத் திருமணம். மணப்பெண் பெரானாக்கான் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழுக்காக ஊரெல்லாம் முழங்கியவர் வீட்டில் சீனத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்தக் காலத்தில் இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை, மலாய்க் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் நிறைந்த நம் சமுதாயத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழர் என்றால் யார் என்று அவர் பிற்காலத்தில் விரிந்த மனத்தோடு பேசியதற்கு, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

தமிழ் படிக்கத் தெரியாதவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. 1936இல் 'ரிஃபார்ம்' என்று ஓர் ஆங்கில மாத இதழ் நடத்தினார். போருக்குப் பிறகு 'இந்தியன் டெய்லி மெயில்' என்ற ஆங்கில நாளிதழையும் நடத்தினார். ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த இந்திய இளையர்களுக்கு அது ஒரு வாசல்.

ஜப்பானியர் ஆட்சியில் முரசு நின்றது. போர் முடிந்து மீண்டும் வந்தபோது வாசகர்களின் நிலைமையே மாறியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் தமிழர் இங்கே சம்பாதித்து ஊருக்கு அனுப்புகிறவர். முதுமையில் தாமும் போய்ச் சேருவார். இப்போது இந்த மண்ணிலேயே பிறந்து, ஊரைப் படத்தில்கூடப் பார்த்திராத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் என்ன செய்தார்கள்?

மலாயாத் தோட்டப்புறத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. நிர்வாகங்களும் ஏதோ ஒரு கொட்டகையில் ஓர் ஆசிரியரை உட்கார வைத்தன. ஆறாம் வகுப்போடு படிப்பு முடியும். பிறகு பால்மரக் காடுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வாளியும் உளியும் கைக்கு வந்துவிடும். எழுத்தறிவு இருக்கும், எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்காது. நகரத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. கடைச் சிப்பந்தியாகவும் எடுபிடியாகவும் போன பையன்களை எந்தச் சங்கமும் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. அன்றைய சங்கங்கள் பெரியவர்களுக்கானவை. சிறுவர்கள் பாய் விரிக்கவும் தண்ணீர் கொடுக்கவும் வருவார்கள்.

1950களின் தொடக்கத்தில் சாரங்கபாணி தம் பத்திரிகையில் மாணவர்களுக்கென்று ஒரு பகுதியைத் திறந்தார். அதுதான் 'மாணவர் மணிமன்ற மலர்'.

பத்திரிகையில் சிறுவர் பகுதி என்றால் பெரியவர்கள் சிறுவர்களுக்குக் கதை சொல்வார்கள், அறிவுரை கூறுவார்கள். மணிமன்றத்தில் எழுதியவர்களே பிள்ளைகள். கவிதை, கதை, கட்டுரை, கடிதம் எல்லாம் அவர்களுடையவை. சேருவதற்கு வேண்டியது தாளும் அஞ்சல் தலையும்தான். யாருடைய சிபாரிசும் வேண்டாம். தகப்பனார் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. நல்ல சட்டைகூட வேண்டாம். எந்தச் சாதி, எந்த மதம் என்று அஞ்சல் உறை கேட்காது.

தோட்டத்துப் பையன் ஒருவன் எழுதியது அச்சில் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் பெயர், அவன் ஊர். துரைக்குக்கூட அந்தத் தோட்டத்தின் பெயர் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தது. இவன் அதைப் பத்திரிகையில் ஏற்றிவிட்டான். லயத்தில் முரசை உரக்கப் படிக்கிறவர் அந்தப் பெயரைப் படிக்கும்போது அவன் தாய் தகப்பன் காதில் விழும். இன்னொரு மாநிலத்தில் இன்னொரு பையனும் அதைப் படிப்பான். அடுத்த வாரம் அவன் எழுதுவான். முகம் தெரியாமலே பெயரால் பழகிய இந்தப் பிள்ளைகள், பிறகு ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு போனார்கள். தாளில் இருந்த மன்றம் ஊர் ஊராக உண்மையான மன்றமானது. பேச்சுப் பழகினார்கள்; நூல்களைப் படித்து விவாதித்தார்கள்; கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் இயங்கும் மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றத்தின் வேர் அந்தப் பத்திரிகைப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரு நாடுகளிலும் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் பெயர் பெற்ற பலர் அங்கே முதல் வரி எழுதியவர்கள்.

அதே காலத்தில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழும் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் கதை வகுப்பு நடத்தியது. அது எழுத விரும்பியவர்களுக்கான பயிற்சி. தரம் பார்த்துத் தேறியவர்களை உயர்த்தியது. அதன் சிறப்பை நாங்கள் குறைக்க மாட்டோம். மணிமன்றம் எழுத்தாளராகப் போகாத பிள்ளைக்கும் இடம் கொடுத்தது. எங்களுக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.

1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். பொங்கலையொட்டி நடந்த அந்த விழாவில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் தமிழ் பேசும் அனைவரும் சேர வேண்டும் என்பது அவர் நோக்கம். பிள்ளைகளுக்குப் போட்டிகளும் உண்டு. நம்மவர்களில் சிலருக்கு இதில் தயக்கம் வருவது இயல்புதான். பொங்கலைத் தங்கள் வீட்டில் கொண்டாடாதவர்கள் அந்த நாளின் மேடையில் எப்படி ஏறுவது என்ற கேள்வியை அற்பம் என்று நாங்கள் தள்ள மாட்டோம். அவர் அந்த நாளுக்கு வேறு பெயர் கொடுத்து, தமிழை நடுவில் வைத்து, வழிபாட்டை அவரவர் வீட்டுக்கு விட்டுவிட்டார். எல்லாரும் வர வேண்டும் என்று அழைப்பிதழில் எழுதுவது சுலபம். வருகிறவர் தம் ஈமானை வாசலில் கழற்றி வைக்காமல் உள்ளே வரும்படி நிகழ்ச்சியை அமைப்பதுதான் கடினம்.

பிறகு பல்கலைக்கழகப் போராட்டம். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை வரப்போகிறது என்றதும், அதில் சமஸ்கிருதம் முதன்மையா தமிழ் முதன்மையா என்ற சர்ச்சை எழுந்தது. இந்த நாட்டு இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் பிள்ளைகள் போய்ப் படிக்கப் போகும் துறை அது. ஆகவே தமிழே வேண்டும் என்று முரசில் விடாமல் எழுதினார். தமிழ் வென்றது. 1956இல் துறை அமைந்தது. அதன் நூலகத்துக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பணக்காரர் ஒருவரிடம் போயிருந்தால் ஒரே காசோலையில் வேலை முடிந்திருக்கும், கல்வெட்டில் அவர் பெயரும் வந்திருக்கும். ஒரு வெள்ளி என்று வைத்ததால் பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத தொழிலாளி அந்த நூலகத்துக்குப் பங்காளியானார். அவர் மகனுக்கு அந்தக் கட்டடம் அந்நியமாக இருக்குமா?

1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. பதிந்துகொள்ளுங்கள், பதிந்துகொள்ளுங்கள் என்று அவர் ஓயாமல் வலியுறுத்தினார். நம் குடும்பங்களிலும் அன்று பதிந்தவரின் பேரப்பிள்ளை இங்கே தேசிய சேவை முடித்து வேலை பார்க்கிறான்.

அந்த ஆண்டுகளில் நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி என்ற பெயரோடு நின்றது. முஸ்லிம்கள் நடத்திய பள்ளி; எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. ஆனாலும் அந்தப் பெயர் இன்றும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. சாரங்கபாணி காகிதத்தில் செய்ததை நம் முன்னோர் செங்கல்லில் செய்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

அவருடைய கடைசிப் பத்தாண்டு அவ்வளவு இனிமையானதல்ல. 1960களில் வேலைநிறுத்தத்தால் முரசு சில காலம் நின்றுபோனது. தொழிலாளர்களுக்காக எழுதியவர் தம் தொழிலாளர்களோடே மோத நேர்ந்தது. மீண்டும் பத்திரிகை வந்தது; பழைய வீச்சு வரவில்லை. 1965க்குப் பிறகு சிங்கப்பூரும் மலேசியாவும் தனித்தனி நாடுகள் ஆனதால் இரு கரைக்கும் பொதுவாக எழுதியவருக்கு வாசகர் வட்டமும் சுருங்கியது. 1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி சிங்கப்பூரில் காலமானார். தமிழவேள் என்ற பட்டத்தை மக்கள் இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

அவரிடம் குறையே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மணிமன்றம் தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைக்கான இடம். எழுதத் தெரியாத பிள்ளை, பள்ளிக்கே போகாத பிள்ளை வெளியேதான் நின்றது. ஆங்கில ஏடுகள் வேறு வர்க்கத்துக்கு. மேலும் பத்திரிகைப் பக்கம் என்பது ஆசிரியர் தயவில் இருப்பது. அச்சகம் நின்றால் பக்கமும் நிற்கும். மலேசியாவில் அது நீடித்ததற்குக் காரணம், பிள்ளைகள் வளர்ந்து அதைத் தங்கள் சொந்த அமைப்பாக ஆக்கிக்கொண்டு, தங்களுக்குள் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுத்ததுதான். ஆரம்பித்து வைத்தவர் பிடியை விட்டார் என்பதை அவருடைய சாதனைகளில் ஒன்றாகவே நாங்கள் எழுதுகிறோம்.

இனி நம் வீட்டு விஷயம். இளையருக்காக நம் சங்கம் செலவழிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. துணைப்பாட வகுப்பு, கல்வி உபகாரச் சம்பளம், பெருநாள் ஒன்றுகூடல், முகாம் எல்லாம் நடக்கின்றன. உபகாரச் சம்பளம் நன்றாகப் படித்த பிள்ளைக்குப் போகிறது, அதில் தவறில்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போன பையன் பரிசளிப்பு விழாவுக்கு ஏன் வருவான்? எதற்குக் கைதட்ட? வீட்டில் மலாய் பேசி, பள்ளியில் மலாயைத் தாய்மொழியாக எடுத்த பெண்பிள்ளைக்குத் தமிழில் நடக்கும் நம் கூட்டம் முக்கால்வாசி விளங்குவதில்லை. ஒரு பக்கம் மெண்டாக்கி, ஒரு பக்கம் சிண்டா என்று இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை, மூன்றாவது கதவாவது நம்முடையதாக இருக்கும் என்றுதான் சங்கத்துக்கு வருகிறது. வந்தால் நாற்காலி அடுக்கச் சொல்கிறோம், நோன்புக் கஞ்சி ஊற்றச் சொல்கிறோம். அது நன்மையான வேலைதான், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை நாம் எப்போது கேட்டோம்?

அதனால்தான் இந்த மலரின் பிற்பகுதியில் எட்டுப் பக்கங்களை மலர்க்குழுவிடம் கேட்டு வாங்கினோம். பதின்மூன்று வயது முதல் இருபத்து நான்கு வயது வரை உள்ள நம் குடும்பத்துப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். மதிப்பெண், பள்ளி, தகப்பனார் பெயர் எதுவும் கேட்கவில்லை. பெயரும் பேட்டையும் மட்டும் இருக்கும்: ஈசூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினோம். இரண்டு கட்டுரைகளில் மலாய்ச் சொற்கள் நிறைய வருகின்றன, அப்படியே விட்டிருக்கிறோம். ஒன்று நம் நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் காரமாகவே விமர்சிக்கிறது. அதையும் நீக்கவில்லை. நீக்கக் கூடாது என்று மலர்க்குழுத் தலைவரே சொன்னார், அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த ஆண்டு முதல் சங்கச் செய்தி மடலில் இதே போல இரண்டு பக்கங்கள் வேண்டும், அவற்றுக்கு ஆசிரியரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று செயற்குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.